ஊசிமுனையும் உள்ளத்தின் வடுவும்

(எமது சங்கத்தின் ஆண்டுவிழாக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற அரசாங்க மருந்தாளர் ஒருவர் ஆற்றிய உரை. சபையோரின் விருப்பத்துக்கிணங்கிப் பேசியவாறே இம்மலரில் வெளியிடப்படுகின்றது.)



சுகாதாரம் பற்றி ஏதேனும் பேசவேண்டுமெனச் சங்கத்தார் கேட்டபோது, நுளம்பையும் கிணற்று நீரையும் பற்றிப் பேசி என் கடமையை முடித்துக்கொள்ளலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆனால் சென்ற மாதம் ஒரு வாலிபர் என் வீட்டுப் படலையடியில் நின்று, தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, எங்கள் அம்மா இரவில் நித்திரை கொள்வதேயில்லை. கதவு தட்டுப்பட்டாலும் திடுக்கிட்டு எழும்பிவிடுகிறா. காதிலே ஊசி குத்தினால் மனக்காயம் மாறுமென்று ஒருவர் சொல்கிறார். உண்மைதானா?" அந்த வாலிபர் இச்சபையில் இருக்கலாம், இல்லாதும் இருக்கலாம், பெயர் சொல்லமாட்டேன். அன்று அவருக்கு நான் சொன்ன பதில் அரைகுறையானது. அதன்பின் படித்தும் யோசித்தும் சேர்த்துக்கொண்டதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

வன்னியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் மருந்து கொடுத்தவன் நான். மருந்தறை யன்னலுக்குள் இருப்பவன் டாக்டருக்குத் தெரியாத சிலவற்றையும் அறிவான். டாக்டர் முன்னிலையில் ஒரு நிமிடம் வாய்திறக்கும் நோயாளி, மருந்துக்குக் காத்து நிற்கும்போது பத்து நிமிடம் பேசுவார். 2009ஆம் ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்தது. செட்டிகுளத்து மனிக்பாம் முகாம்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சனம் அடைபட்டிருந்தோம். 2012 செப்டெம்பரில் அம்முகாம் முற்றாக மூடப்படுமுன்பே பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட்டனர். திரும்பி வந்தவர்கள் என் யன்னலருகே நின்று சொன்னவை என்ன? "நெஞ்சு அடைக்குது", "தலை விறைக்குது", "கால் ரெண்டும் உளையுது", "வயித்துக்குள்ளே ஏதோ உருளுது." இரத்தம் பார்த்தால் குறையில்லை, இருதயப் படம் எடுத்தால் குறையில்லை. டாக்டர் பரசிற்றமோல் எழுதுவார். நான் எண்ணிக் கொடுப்பேன். அடுத்த கிளினிக்குக்கும் அதே ஆச்சி, அதே நோவு, அதே குளிசை. எத்தனை ஆயிரம் குளிசை எண்ணியிருப்பேனோ, இறைவனுக்கே வெளிச்சம்.

அந்த ஆச்சி பொய் சொல்லவில்லை. வாயால் சொல்லமுடியாததை அவரது சரீரம் சொல்லிக்கொண்டிருந்தது. இதை எனக்கு விளங்கவைத்தவை, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணிபுரிந்த உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்களின் எழுத்துக்கள். 1998இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலின் பெயரே 'வடுப்பட்ட மனங்கள்' என்னும் பொருளுடையது. வன்னி மக்களைப் பற்றி 2010இல் அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில், இது தனியாள் ஒருவரின் நோய் மாத்திரமன்று. குடும்பமும் ஊரும் சேர்ந்து அடைந்த காயம் என்று காட்டினார். மனவடு என்ற சொல் நம்மிடையே பரவியதும் இத்தகையோரின் உழைப்பாலேதான்.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் என்று வாலிபர்கள் எண்ணிவிடக்கூடாது. பிள்ளை திடீரெனப் பயந்துவிட்டால் "ஏங்கிப்போனான்" என்பார்கள். நூல் ஓதிக் கட்டுவார்கள், திருநீறு போடுவார்கள், பார்வை பார்ப்பார்கள். பரியாரியார் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு மருந்து கொடுக்குமுன் அரைமணி நேரம் குடும்பக் கதை கேட்பார். செத்தவீட்டில் ஒப்பாரி வைத்து அழுவதும், எட்டுச் செலவும், அந்தியேட்டியும், ஆண்டுத் திவசமும் துக்கத்துக்கு ஒரு படிக்கட்டு அமைத்துக் கொடுத்தன. ஒவ்வொரு படியாக மனிதன் இறங்கி வந்தான். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு ஊரே திரளும்போது, தனியே அழுத கண் கூட்டத்தோடு சேர்ந்து அழும்.

ஆனால் பிள்ளை இருக்கிறானா இல்லையா என்றே தெரியாத தாய்க்கு எந்தப் படிக்கட்டு? அந்தியேட்டி செய்தால் அவன் செத்தான் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்ததாகும். செய்யாவிட்டால் நெஞ்சு ஆறாது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி போராட்டம் தொடங்கிய தாய்மாரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். பதில் அறியாமலே அவர்களிற் பலர் கண்மூடிவிட்டார்கள். ஊசிவைத்தியத்தைப் பற்றிப் பேசுகிற எவரும் முதலில் இந்தத் தாய்மாரை நினைவில் வைத்துக்கொண்டு பேசவேண்டும். அவர்கள் கேட்பது ஊசியன்று, பதில்.

நிற்க. இனி ஊசிக்கு வருவோம்.

அக்குபங்சர் எனப்படும் குத்தூசி வைத்தியம் சீனாவில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடையது. உடலில் உயிர்விசை ஓடும் பாதைகள் உண்டு; அப்பாதை அடைபட்டால் நோய்; குறித்த புள்ளியில் மெல்லிய ஊசி ஏற்றினால் அடைப்பு நீங்கும் என்பது அவர்களது பழைய கொள்கை. அவர்கள் உடலையும் மனத்தையும் வேறு வேறாகப் பிரித்ததில்லை. துக்கம் நுரையீரலைத் தாக்கும், பயம் சிறுநீரகத்தைத் தாக்கும் என்பார்கள். இதை அப்படியே எழுத்துக்கு எழுத்து நம்பவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பயத்தில் சிறுநீர் பிரிவதையும் துக்கத்தில் மூச்சு முட்டுவதையும் பதுங்குகுழிக்குள் இருந்த நமக்கு யாரும் கற்பிக்கவேண்டியதில்லை.

இந்தியாவுக்கு இக்கலை வந்த வழி ஒரு நல்ல கதை. 1938இல் யப்பானியப் படையெடுப்பால் துன்புற்ற சீனருக்கு உதவ இந்தியாவிலிருந்து ஐந்து டாக்டர்கள் சென்றார்கள். அவர்களில் ஒருவரான டாக்டர் கோட்னிஸ் 1942இல் அங்கேயே உயிர்நீத்தார். அவருடன் சென்ற கல்கத்தா டாக்டர் பி. கே. பாசு, 1950களின் பிற்பகுதியில் மறுபடியும் சீனம் சென்று ஊசிவைத்தியம் கற்றுவந்து தம் ஊரில் பரப்பினார். யுத்தகளத்தில் தொடங்கிய சிநேகம் வைத்தியமாகத் திரும்பிவந்தது. நம் இலங்கையில், கொழும்பு களுபோவில அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் அன்டன் ஜயசூரிய 1970களிலிருந்து இவ்வைத்தியத்தை நடத்தினார். பிறநாட்டு டாக்டர்கள் கூட அங்கு வந்து பயின்றார்கள். அவர் 2005இல் காலமானார். ஆகவே இது நம் நாட்டுக்குப் புதிதாக வந்திறங்கிய பொருளன்று.

அந்த வாலிபர் கேட்ட காதூசி இதன் ஒரு கிளை. 1950களில் பிரான்சு தேசத்து டாக்டர் போல் நோஜியே, காதுமடலில் உடல் முழுவதற்கும் உரிய புள்ளிகள் உண்டென்று ஒரு வரைபடம் எழுதினார். 1970களின் தொடக்கத்தில் ஹொங்கொங் டாக்டர் வென் என்பவர் காதில் ஊசியேற்றிச் சிகிச்சை செய்தபோது, அபின் பழக்கமுள்ள நோயாளிகளின் தவிப்பு அடங்குவதைக் கண்டார். இச்செய்தி நியூயோர்க் நகரத்தின் ஏழைப் பகுதியான பிரொங்ஸுக்கு எட்டியது. அங்குள்ள லிங்கன் ஆஸ்பத்திரியில் கறுப்பின இளைஞரும் புவேர்ட்டோ ரிக்கோ இளைஞரும் போராடி, போதைக்கு அடிமையானோருக்காக ஒரு சிகிச்சை நிலையத்தை 1970இல் தொடங்கியிருந்தார்கள். கவனியுங்கள் வாலிபர்களே, தொடங்கியவர்கள் உங்களைப் போன்ற இளைஞர்கள்! டாக்டர் மைக்கல் சிமித் என்ற உளமருத்துவர் அங்கே நெடுங்காலம் இருந்து, ஒவ்வொரு காதிலும் ஐந்தே புள்ளிகள் என்று முறையை எளிமையாக்கினார். 1985இல் அதைப் பயிற்றுவிக்க ஒரு சங்கமும் அமைந்தது. 2005இல் கத்ரினா சூறாவளி அமெரிக்காவின் தென்கரையை அழித்தபோது, வீடிழந்து நின்ற சனங்களிடம் ஊசிவைத்தியர்கள் சென்று இதே ஐந்து புள்ளி முறையைச் செய்தார்கள். போதைக்கென்று வந்தது பேரிடர் துயருக்கும் பயன்பட்டது இவ்வாறுதான்.

அந்த ஐந்தில் ஒன்று காதின் மேற்புறத்து முக்கோணக் குழியில் உள்ளது. சீனப் பெயர் ஷென்மென். மனத்தின் வாயில் என்று பொருள். ஊசி தையலூசியிலும் பன்மடங்கு மெல்லியது. எறும்பு கடித்தாற்போல் ஒரு கணம். பிறகு காது சற்றே சூடாகும். ஊசியோடு முப்பது, நாற்பது நிமிடம் சும்மா இருக்கவேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே அறையில் வட்டமாகக் கதிரையில் இருப்பார்கள். எவரும் எவரையும் ஒன்றும் கேட்கமாட்டார். என்ன நடந்தது, யாரை இழந்தீர், எங்கே இருந்தீர், ஒரு கேள்வியும் இல்லை.

இந்தக் கேள்வியில்லாமைதான் என்னைக் கவர்ந்தது. நம்முடைய சனம் எத்தனை பேருக்குத் தன் கதையைச் சொல்லிவிட்டது! படிவம் கொண்டு வந்தவர், ஒலிப்பதிவுப் பெட்டி கொண்டு வந்தவர், ஆணைக்குழு என்று வந்தவர் என எல்லோருக்கும் சொல்லியாயிற்று. சொல்லச்சொல்லக் காயம் மறுபடி கீறுப்பட்டதேயன்றி ஆறவில்லை. ஆண்பிள்ளைகளுக்கோ சொல்வதே வெட்கம். அப்படிப்பட்டவருக்கு, வாய் திறக்காமலே உடல்வழியாக உள்ளே செல்லும் ஒரு பக்கத்து வாசல் இருக்குமானால் அது சிறிய காரியமா?

என் சொந்த அனுபவத்தையும் சொல்லத்தான் வேண்டும். மற்றவருக்கு மருந்து கொடுத்த நான், 2010, 2011 ஆண்டுகளில் இரவு இரண்டு மணிக்கு விழித்தால் பிறகு கண் மூடமாட்டேன். வலது தோள் தூக்கமுடியாத நோவு. யாரிடமும் சொல்லவில்லை; மருந்தாளருக்கே வருத்தமா என்று சிரிப்பார்கள் என்ற அச்சம். கொழும்பில் இருந்த மைத்துனர் தோள் நோவுக்கென்றுதான் என்னை ஒரு சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். தோளிலும் காதிலும் ஊசி ஏற்றினார்கள். பத்து நிமிடம் சென்றிருக்கும். என் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடத் தொடங்கியது. விம்மல் இல்லை, சத்தம் இல்லை, கண்ணீர் மாத்திரம். பக்கத்துக் கதிரையில் ஒரு சிங்களக் கிழவர் இருந்தார். அவர் ஒன்றும் பேசாமல் தம் கைலேஞ்சியை என் மடியில் வைத்தார். அன்றிரவு ஆறு மணிநேரம் நித்திரை கொண்டேன்.

இத்துடன் கதையை முடித்தால் உங்களை ஏமாற்றியவனாவேன். நான்கு நாட்களில் பழைய விழிப்பு திரும்பிவிட்டது. எட்டு முறை போனேன். ஒவ்வொரு முறையும் சற்று இளைப்பாறினேன், ஆனால் குணமாகவில்லை. அந்த இளைப்பாறல் எனக்குச் செய்த பெரிய உதவி, உளமருத்துவ டாக்டரிடம் போகும் துணிவைத் தந்ததுதான். அங்கேதான் வாய் திறந்தேன். ஆறு மாதம் மருந்தும் எடுத்தேன். ஊசி கதவைத் திறந்தது. உள்ளே நடந்து போகவேண்டியவன் நான்தான்.

ஒருவனின் அனுபவம் சாத்திரமாகாது. ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். காதின் குழிவான பகுதிக்கு வேகஸ் என்னும் நரம்பின் கிளையொன்று வருகிறது; இருதயத்தின் படபடப்பை அடக்கும் நரம்பு அது. ஊசியேற்றும்போது மூளை தன் சொந்த நோவுநீக்கிகளைச் சுரக்கிறது என்பதற்கும் 1970களிலிருந்தே சான்றுகள் வந்துள்ளன. அமெரிக்காவில் டாக்டர் ஹொலிபீல்ட் என்பவரும் குழுவினரும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனவடு நோயுள்ள 84 பேரை மூன்று பகுதியாக்கி, ஒரு பகுதிக்கு ஊசி, ஒரு பகுதிக்குப் பேச்சுவழிச் சிகிச்சை, மூன்றாம் பகுதியைக் காத்திருக்க வைத்தார்கள். ஊசி பெற்றோரும் பேச்சுவழிச் சிகிச்சை பெற்றோரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினர். மூன்று மாதத்தின் பின்னும் அந்தத் தேற்றம் நின்றது. 2024இல் அவரே 93 முன்னாள் படைவீரரைக் கொண்டு, சரியான ஊசியையும் பாவனை ஊசியையும் ஒப்பிட்டார். இரு பகுதியாரும் தேறினர்; சரியான ஊசி பெற்றோர் கூடுதலாகத் தேறினர்.

மறுபக்கமும் உண்டு. செருமனியில் 1,162 முதுகுநோவுக்காரரை வைத்துச் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், சரியான புள்ளியில் குத்தியதற்கும் வேறிடத்தில் மேலாகக் குத்தியதற்கும் பெரிய வித்தியாசம் காணவில்லை. இரண்டுமே வழமையான வைத்தியத்தைவிட மேலாயிருந்தன. அப்படியானால் குணம் தந்தது புள்ளியா, ஒருவர் தொட்டுக் கவனித்ததா, அமைதியாக இருந்ததா? அமெரிக்கப் படைத்துறையும் முன்னாள் படைவீரர் திணைக்களமும் 2023இல் வெளியிட்ட வழிகாட்டி, மனவடுவுக்கு ஊசியைச் சிபாரிசு செய்யவோ மறுக்கவோ ஆதாரம் போதாது என்றே சொல்கிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டியும் பயிற்சி பெற்றவர் நடத்தும் உளச்சிகிச்சைகளையே முன்வைக்கிறது. ஆகவே, ஊசி ஒரு துணை, மூலவைத்தியம் அன்று. என் எண்ணமும் அதுவே.

நம்மவரிற் சிலர் இதைக் கேட்டதும், "பிள்ளையார் முன்னால் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடுவதும், குழந்தைக்குக் காது குத்துவதும் இந்த வைத்தியம்தான்" என்று மேடையில் முழங்குவதைக் கேட்டிருக்கிறேன். சித்தர்களின் வர்ம சாத்திரத்தில் புருவமத்தியில் திலர்தம் என்றொரு நிலை உண்டு. சீனரும் அதே இடத்தில் மனத்தை அமைதிப்படுத்தும் ஒரு புள்ளி சொல்கிறார்கள். நாம் அங்கே பொட்டிடுகிறோம். ஒப்புமை இனியதுதான். ஆனால் ஒப்புமை ஆதாரமாகிவிடாது. தோப்புக்கரணம் பக்திக்கும் நல்லது, முழங்காலுக்கும் நல்லது, அதோடு நிறுத்திக்கொள்வோம்.

இங்கே நான் எச்சரிக்கையாகச் சொல்லவேண்டியது ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதர் நம் பக்கத்துக் கிராமமொன்றில் வந்து தங்கி, பத்து முறை ஊசி குத்தினால் எல்லாக் கவலையும் போகும் என்று காசு வாங்கினார். ஒரு தாயிடம் சீனி வருத்தக் குளிசையையும் நித்திரைக் குளிசையையும் ஒரே நாளில் நிறுத்தச் சொன்னார். அந்தத் தாய் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டா. கையோடு கொண்டுவந்த துண்டில் நான் எழுதிக் கொடுத்த மருந்துக் கணக்கு அப்படியே இருந்தது. ஊசிக்காரர் அடுத்த வாரமே போய்விட்டார். ஆகவே தாய்மாரே, ஊசி போட வருபவரிடம் எங்கே பயின்றீர் என்று கேளுங்கள். ஊசி உங்கள் கண்முன்னே புதிய உறையிலிருந்து பிரிக்கப்படவேண்டும். ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்குக் குத்தினால் ஈரல் அழற்சிக் கிருமி தொற்றும். நெஞ்சிலும் முதுகிலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரல் துளைபட்ட சம்பவங்கள் உண்டு. இரத்தம் உறையாதிருக்கக் குளிசை எடுப்போரும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேளாமல் போகவேண்டாம். உங்கள் மருந்தை நிறுத்து என்று எவர் சொன்னாலும் அவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சாகவேண்டும் என்ற எண்ணம் ஒருவருக்கு வந்தால் ஊசியும் வேண்டாம், நூலும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தனியே போகவிடாதீர்கள். தம்பிமாரே, மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் நீங்கள். இந்த வேலை உங்களுடையது.

இனி, படலையடியில் நின்ற அந்த வாலிபருக்கு என் பதில். தம்பி, உன் அம்மாவின் நித்திரையின்மை நோய்தான், பேயுமல்ல, நடிப்புமல்ல. முதலில் உளநல கிளினிக்குக்கு அழைத்துப் போ, நானும் வருகிறேன். முறையாகப் பயின்ற ஒருவர் கிடைத்தால் காதூசியும் போட்டுப் பார்க்கலாம். சரியான கையில் அதனால் பெரிய கேடில்லை, சில இரவுகளின் நித்திரையாவது கிடைக்கும். உன் அண்ணனைப் பற்றி அவ தானாகப் பேசினால் கேள், பேசாவிட்டால் கேளாதே. விளக்கை அணைத்துவிட்டு உன் அறைக்குப் போகாமல், திண்ணையில் பக்கத்தில் படு.

சங்கத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். ஊசிவைத்தியர் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. சனிக்கிழமை பிற்பகல் நாலு மணிக்கு இம்மண்டபம் சும்மாதான் கிடக்கிறது. பாய் விரித்து, விரும்பியவர்கள் வந்து நாற்பது நிமிடம் பேச்சின்றி இருக்கட்டும். மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடுவதை நான் காட்டித் தருவேன். பேராசிரியர் சோமசுந்தரம் போன்றோர் மூச்சுப் பயிற்சியையும் மந்திர உச்சாடனத்தையும் நம்மவருக்கு உகந்ததென்று சிகிச்சையிலேயே பயன்படுத்தியிருக்கிறார்கள். எந்தச் சமயத்தாரும் வரலாம். முடிந்தபின் தேநீர். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கக்கூடாது என்பது ஒன்றே விதி. வரும் மாதம் முதற் சனிக்கிழமை தொடங்கலாமென்று தலைவர் தலையசைக்கிறார். பாயும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் கொண்டுவாருங்கள். மண்டபத் திறப்பு என்னிடம் இருக்கும்.